தரவுத்தளத்தின் அமைப்பறிக!

(தமிழ்ச் சொற்பட்டியல்களையும் நூலகப் பதிவேடுகளையும் கணிப்பொறியில் தொகுக்கும் அன்பர்களுக்கென ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓலைச்சுவடிகளிலே தமிழ் வாழ்ந்த காலத்தில் அதற்குப் பகையாய் நின்றவை கறையானும், நெருப்பும், வெள்ளமும், அவற்றினும் கொடிய புறக்கணிப்புமேயாம். அன்று அழிந்தவை எத்துணை என்று கணக்கிட்டுக் கூறவும் எவராலும் ஏலாது. இன்றோ தமிழ்ச்சொற்கள் ஓலையிலும் தாளிலும் மட்டும் வாழவில்லை. கணிப்பொறியின் தரவுத்தளங்களிலும் குடியேறிவிட்டன. அகரமுதலிகள், நூலகப் பட்டியல்கள், ஊர்ப்பெயர்த் தொகுப்புகள், கல்வெட்டடைவுகள், கழக உறுப்பினர் பதிவேடுகள் யாவும் அங்கேயே உறைகின்றன. கறையான் அரித்த ஏட்டிலே அரித்த இடமேனும் கண்ணுக்குத் தெரியும். தரவுத்தளத்திலோ, தமிழ்ப்பெயர் உள்ளே சென்ற நொடியிலேயே வெறும் வினாக்குறிகளாக மாறிக் கிடத்தலும், தொகுத்தவர் அதனை அறியாமலே பல திங்கள் கழிதலும் உண்டு. இஃது எவருடைய சூழ்ச்சியாலும் நேர்வதன்று. குடியேறுமுன் வீட்டின் அமைப்பைப் பாராமையால் நேர்வதேயாம்.

வீட்டின் அமைப்பைப் பார்த்தல் எங்ஙனம்? அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அயலார் ஒருவரை அழைத்துக் கைகட்டி நிற்கவும் வேண்டுவதில்லை. கறுப்புத் திரையில் ஓரிரு சொற்களைத் தட்டி விடைபெறும் கட்டளைவரிக் கருவி ஒன்றே போதும். அக் கருவியைக் கையாளும் முறையும், அது காட்டும் அமைப்பிலே தமிழர் ஊன்றிப் பார்க்கவேண்டிய இடங்களும் இங்கு எடுத்துரைக்கப் பெறுகின்றன.

தரவுத்தளமும் அதன் அமைப்பும்

தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் தொகுதி. ஒவ்வோர் அட்டவணைக்கும் நெடுவரிசைகள் உண்டு. அவற்றுள் இடம்பெறும் செய்திகள் கிடைவரிசைகளாக அமையும். எடுத்துக்காட்டாக, ஓர் ஊர் நூலகத்தை எண்ணிப் பார்க்க. நூல், நூலாசிரியர், உறுப்பினர், கடன் என நான்கு அட்டவணைகள் அதற்குப் போதும். நூல் அட்டவணையிலே எண், தலைப்பு, ஆசிரியர் எண், ஆண்டு என நான்கு நெடுவரிசைகள் இருக்கும். அவற்றுள் ஒவ்வொரு நூலையும் தனித்துக் காட்டும் எண்ணுக்கு முதன்மைத் திறவு என்று பெயர். ஆசிரியர் எண்ணோ, வேறோர் அட்டவணையிலுள்ள ஆசிரியரைச் சுட்டுவதாதலின் அயல் திறவு எனப்படும்.

எந்த அட்டவணையில் எந்த நெடுவரிசை உள்ளது, அஃது எண்ணை ஏற்குமா எழுத்தை ஏற்குமா, எத்துணை நீளம் ஏற்கும், வெறுமையாக விடலாமா, எது எதனைச் சுட்டும் என்பனவெல்லாம் சேர்ந்ததே தரவுத்தளத்தின் அமைப்பு. உள்ளே இருக்கும் செய்திகள் நாளுக்கு நாள் மாறும். அமைப்போ எளிதில் மாறாது. சுவர் எழுப்பிய பின்னர் வாயிலை இடம் மாற்றுதல் போன்றதே அமைப்பைப் பின்னர் மாற்றுதலும்.

தன்னைத் தானே விளக்கும் பொறி

இவ்வமைப்பை அறியவேண்டின் அதனைக் கட்டியவரையே தேடிச் செல்லவேண்டுமா? வேண்டா. அமைப்பைப் பற்றிய செய்தியும் அத் தரவுத்தளத்தினுள்ளேயே அட்டவணைகளாக எழுதி வைக்கப்பட்டிருக்கும். இக்கருத்தை வலியுறுத்தி நெறியாக்கியவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். அமெரிக்காவின் ஐ.பி.எம். குழுமத்தினுடைய சான் ஓசே ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையிலே, தரவுகளை உறவு முறைப்பட்ட அட்டவணைகளாக வைக்கும் கொள்கையை நிறுவினார். அதற்குமுன், ஒரு செய்தியைப் பெறவேண்டின் அது பொறிக்குள் எவ்வழியே கோக்கப்பட்டுள்ளது என்பதை நிரல் எழுதுவோர் அறிந்திருத்தல் வேண்டும். வழி மாறினால் நிரலும் கெடும். அத்தளையை அறுத்தவர் காட். கணிப்பொறித் துறையின் மிகவுயர்ந்த பரிசாகிய தூரிங்கு பரிசு 1981இல் அவருக்கு வழங்கப்பெற்றது.

உறவுமுறைத் தரவுத்தளம் என்று பெயர் சூட்டிக்கொள்ளும் எதற்கும் இருக்கவேண்டிய நெறிகளை 1985இல் அவர் வரையறுத்தார். பன்னிரண்டு நெறிகள் என்று வழங்கப்பெறும் அவற்றுள் நான்காவது நெறி இவ்விடத்துக்கு உரியது. தரவுத்தளத்தின் அமைப்பை விளக்கும் உள்ளடைவும் ஏனைத் தரவுகளைப் போலவே அட்டவணை வடிவில் இருத்தல் வேண்டும். தரவுகளை வினவும் அதே மொழியாலேயே அமைப்பையும் வினவ இயலவேண்டும் என்பதே அதன் கருத்து. நூலின் உள்ளடக்கத்தையும் அந்நூலே தாங்கி நிற்பது போன்றது இது. உரிய இசைவு பெற்ற எவரும் தரவுத்தளத்தையே நோக்கி, 'நின் அமைப்பு யாது?' என வினவலாம். அதுவும் மறைக்காது விடை கூறும். ஆகவே, 'அமைப்பை அறிந்தவர் ஒருவரே. அவர் இலரேல் யாதும் செய்ய இயலாது' என்று சொல்லிக் காலங்கடத்துவது பொருந்தாத கூற்று.

கட்டளைவரி ஏன்?

பொத்தான்களும் படங்களும் நிறைந்த சாளரக் கருவிகள் பல இருக்க, கட்டளைவரி எதற்கு என்று சிலர் வினவலாம். சாளரக் கருவி அதனை ஆக்கியவர் காட்ட விரும்பியதையே காட்டும். கட்டளைவரியோ கேட்டதற்கு விடை தரும். தொலைவிலுள்ள வழங்கியிலும், ஆற்றல் குறைந்த பழம்பொறியிலும் அஃது ஒன்றுபோல் இயங்கும். தட்டிய கட்டளையைத் தாளில் எழுதிவைத்து, அடுத்த தலைமுறைக்கும் அப்படியே கொடுக்கலாம். எல்லாவற்றினும் மேலாக, கட்டளைவரியில் பழகியவர் தரவுத்தளத்தின் மொழியையே கற்றவராவார்.

இங்குக் கூறப்படும் கட்டளைகள் விசைப்பலகையில் இலத்தீன் எழுத்துகளாலேயே தட்டப்பெறுவன. அவை தமிழெழுத்தில் ஒலிபெயர்த்துக் காட்டப்பெறுகின்றன என்பதை உளங்கொள்க.

எளிய கருவி: எசுகியூலைட்டு

முதலிற் பழகுதற்கு உரியது எசுகியூலைட்டு. இரிச்சர்டு கிப்பு என்னும் அமெரிக்கர் 2000ஆம் ஆண்டில் இதனை ஆக்கினார். அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்றின் மென்பொருட் பணியில் ஈடுபட்டிருந்தபொழுது, தனி வழங்கி ஏதும் வேண்டாத ஒரு தரவுத்தளம் தேவையென உணர்ந்தே அவர் அதனைத் தொடங்கினார். எவரும் விலையின்றிப் பயன்படுத்துமாறு பொதுவுடைமையாக அதனை விட்டுவிட்டார். இன்று ஆண்டிராய்டு, ஐபோன் ஆகிய கைப்பேசிகள் அனைத்தினுள்ளும் அஃது இயங்குகின்றது. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பாக இருத்தலின், அதனைப் படியெடுத்துப் பாதுகாத்தல் எளிது.

கட்டளைவரியில் 'எசுகியூலைட்டு 3' என்னும் கருவியின் பெயரையும், அதனையடுத்துக் கோப்பின் பெயரையும் தட்டினால் கருவி திறக்கும். இடையிலே 'இரீடு ஒன்லி' என்னும் குறிப்பையும் சேர்த்துக்கொள்க. அவ்வாறு செய்யின் படிக்க மட்டுமே இயலும், தவறுதலாகவும் எதனையும் அழிக்க இயலாது. புதியோர் வழுக்கி விழும் இடம் ஒன்றும் இங்கு உண்டு. அக்குறிப்பின்றிக் கோப்பின் பெயரைப் பிழைபடத் தட்டினால், கருவி பிழையென்று கூறாது. அப்பெயரில் வெறுமையான புதுத் தரவுத்தளத்தையே திறந்து நிற்கும். அட்டவணை ஒன்றும் தெரியவில்லையே, தரவெல்லாம் அழிந்ததோ என்று கலங்குமுன் கோப்பின் பெயரைச் சரிபார்க்க.

திறந்தபின், புள்ளியிட்டு 'டேபிள்சு' என்று தட்டினால் அட்டவணைகளின் பெயர்கள் வரும். புள்ளியிட்டு 'சுகீமா' என்று தட்டினால் ஒவ்வோர் அட்டவணையும் எந்தக் கட்டளையால் ஆக்கப்பட்டதோ அக்கட்டளையே திரையில் தோன்றும். ஓர் அட்டவணையை மட்டும் காணவேண்டின் அதன் பெயரையும் பின்னே சேர்த்திடுக. 'பிராக்மா டேபிள் இன்போ' என்பதனுடன் அட்டவணையின் பெயரைப் பிறைக்குறிக்குள் இட்டு வினவினால், நெடுவரிசையின் வரிசையெண், பெயர், வகை, வெறுமை ஏற்குமா என்பது, இயல்பு மதிப்பு, முதன்மைத் திறவா என்பது ஆகிய ஆறு செய்திகளும் முறையாக வரும். 'பிராக்மா பாரின் கீ இலிசுட்டு' என்பது அயல் திறவுகளைக் காட்டும். புள்ளியிட்டு 'குவிட்டு' எனத் தட்டி வெளியேறுக.

இவையெல்லாம் எங்கிருந்து வருகின்றன? ஒவ்வோர் எசுகியூலைட்டுக் கோப்பினுள்ளும் 'எசுகியூலைட்டு மாசுட்டர்' என்னும் உள்ளடைவு அட்டவணை ஒன்று உண்டு. 2020 முதல் 'எசுகியூலைட்டு சுகீமா' என்னும் பெயராலும் அதனை அழைக்கலாம். வகை, பெயர், சார்ந்த அட்டவணை, தொடக்கப் பக்க எண், ஆக்கிய கட்டளை என ஐந்தே நெடுவரிசைகள் அதற்கு. நூல்களை வினவும் அதே எசு.கியூ.எல். மொழியால் அதனையும் வினவலாம். காட் வகுத்த நான்காம் நெறி இங்குக் கண்கூடாக நிற்றல் காண்க.

பெருங்கருவி: போசுட்டுகிரசு

பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் பெருந்தொகுப்புகளுக்கு உரியவற்றுள் சிறந்தது போசுட்டுகிரசு. கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் இசுட்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் தொடங்கப்பெற்ற ஆய்வின் வழித்தோன்றல் அது. 1990களின் நடுவில் அதற்கு எசு.கியூ.எல். மொழி பொருத்தப்பெற்றபொழுது, கட்டளைவரிக் கருவியாகிய பி.எசு.கியூ.எல். உடன் பிறந்தது. அக்கருவியில் பின்சாய்கோட்டுடன் தொடங்கும் குறுங்கட்டளைகள் பல உள்ளன. அவற்றுள் ஆறேழு தெரிந்தால் போதும்.

பின்சாய்கோட்டையடுத்து 'எல்' எனத் தட்டினால் தரவுத்தளங்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றன் குறியேற்றமும் வரிசைநெறியும் அங்கேயே தெரியும். 'சி' என்பதும் பெயரும் தட்டினால் அத்தளத்துள் நுழையலாம். 'டிடி' என்பது அட்டவணைகளைக் காட்டும். 'டி' என்பதும் அட்டவணைப் பெயரும் தட்டினால், நெடுவரிசை, வகை, வரிசைநெறி, வெறுமை ஏற்பு, இயல்பு மதிப்பு ஆகியன முதலில் வரும். அவற்றின்கீழ்த் தேடலை விரைவுபடுத்தும் அடைவுகளும், கட்டுப்பாடுகளும், இவ்வட்டவணை சுட்டும் பிறவும், இதனைச் சுட்டும் பிறவும் வரிசையாக நிற்கும். 'டி'யுடன் கூட்டற்குறி சேர்த்தால் எழுதிவைத்த விளக்கங்களும் வரும். ஐயம் எழுந்தால் பின்சாய்கோடும் வினாக்குறியும் தட்டுக. எல்லாக் கட்டளைகளும் விரியும். வெளியேற 'கியூ'.

இக்கருவியிலே கற்பார்க்கு ஓர் அரிய வாய்ப்புண்டு. கருவியைத் திறக்கும்பொழுதே இடைக்கோட்டுடன் பேரெழுத்து 'ஈ' என்னும் குறிப்பைச் சேர்த்தால், ஒவ்வொரு குறுங்கட்டளையும் உள்ளே எந்த எசு.கியூ.எல். வினாவாக விரிகின்றது என்பதையும் அது காட்டும். 'டி' என்னும் ஓரெழுத்துக்குப் பின்னே, உள்ளடைவு அட்டவணைகளை நோக்கிய நீண்ட வினாக்கள் இருத்தலை அப்பொழுது காணலாம். குறுங்கட்டளையில் மாயம் ஒன்றுமில்லை. எவரும் எழுதத்தக்க வினாவே அஃது என்பது விளங்கும். ஆசானே தன் ஏட்டுச்சுவடியைத் திறந்து காட்டுதல் போன்றது அது.

தமிழர் ஊன்றிப் பார்க்கவேண்டிய மூன்று இடங்கள்

இதுகாறும் கூறியவை எம்மொழியார்க்கும் பொதுவானவை. தமிழைத் தொகுப்போர் இவற்றின் மேலும் மூன்று இடங்களை ஊன்றிப் பார்த்தல் வேண்டும். அவை குறியேற்றம், நீளம், வரிசை என்பன.

முதலாவது குறியேற்றம். எழுத்துகள் பொறியினுள் எண்களாகவே இருக்கும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பெற்றது. யூ.டி.எப்.-8 என்னும் குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியிடமும் மூன்று பைட்டுகளாக எழுதப்பெறும். இலத்தீன்-1 என்னும் பழைய குறியேற்றத்திலோ தமிழுக்கு இடமே இல்லை. மை எசு.கியூ.எல். என்னும் பெருவழக்கான தரவுத்தளத்தில் 2018இல் எட்டாம் பதிப்பு வரும் வரைக்கும் இயல்பாக அமைந்திருந்தது இலத்தீன்-1 தான். அதனைப் பாராமல் பழம்பதிப்பில் அட்டவணை ஆக்கியவர் தமிழை இட்டால் மூன்றுள் ஒன்று நேரும். கண்டிப்பு நிலை இயங்கினால் பொறி பிழையென்று கூறி மறுக்கும், அது நன்றே. கண்டிப்பு நிலை இல்லாவிடின் எச்சரிக்கை ஒன்றை மட்டும் குறித்துவிட்டு, தமிழுக்கு மாற்றாக வினாக்குறிகளை எழுதி வைக்கும்; அதனை மீட்க எவராலும் இயலாது. இணைப்பும் இலத்தீன்-1 ஆகவே அமைந்திருப்பின், பைட்டுகள் உருத்தெரியாத கோலத்தில் உள்ளே கிடக்கும்; அது கண்ணுக்குக் கேடாகத் தோன்றினும் பெரும்பாலும் மீட்கத்தக்கது. ஆகவே அக்கருவியில் 'சோ கிரியேட்டு டேபிள்' என்பதும் அட்டவணைப் பெயரும் தட்டி, இறுதியிலுள்ள குறியேற்றப் பெயரை முதலிற் பார்க்க. 'டிசுகிரைபு' என்னும் கட்டளை குறியேற்றத்தைக் காட்டாதாதலின் அதனோடு நின்றுவிடற்க. போசுட்டுகிரசில் பின்சாய்கோடு 'எல்' காட்டும் பட்டியலிலும், எசுகியூலைட்டில் 'பிராக்மா என்கோடிங்கு' என்னும் வினாவிலும் இது தெரியும்.

இரண்டாவது நீளம். ஒரு பெயருக்கு இத்துணை எழுத்து போதும் என்று ஆங்கிலப் பெயரை எண்ணி அளவிட்டவர், தமிழ்ப்பெயரை வாயிலிலேயே நிறுத்திவிடுவார். 'பெருஞ்சித்திரனார்' என்னும் பெயரை எண்ணுக. தமிழிலக்கணப்படி அதில் ஒன்பது எழுத்துகள். ஒருங்குறியிலோ உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியிடங்களாதலின் 17 குறியிடங்கள். யூ.டி.எப்.-8இல் 51 பைட்டுகள். பெயர் நெடுவரிசைக்கு 15 என்று எல்லை வகுத்திருந்தால், ஒன்பதெழுத்துப் பெயரையும் போசுட்டுகிரசு நீளம் மிகுந்ததென்று தள்ளிவிடும். அது குறியிடங்களையே எண்ணுமாதலால். எசுகியூலைட்டு அவ்வெல்லையைப் பொருட்படுத்தாது. எத்துணை நீளத்தையும் ஏற்கும். ஒரே எல்லை ஈரிடத்தும் இருவேறாக இயங்குதலை அறிந்து, அமைப்பில் எழுதியுள்ள எண்ணைத் தமிழ்ப்பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க.

மூன்றாவது வரிசை. அப்பம், அலை, அறம், அன்பு என்னும் நான்கு சொற்களை எடுத்துக்கொள்க. தமிழ் நெடுங்கணக்கில் பகரத்தின் பின் லகரமும், அதன்பின் றகரமும், இறுதியில் னகரமும் வருதலின், இச்சொற்கள் இதே முறையில் நிற்றல் வேண்டும். ஒருங்குறிப் பட்டியலிலோ னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. வல்லின மெல்லினங்களுக்கிடையே கிரந்த எழுத்தொன்றும் சகரத்தை அடுத்துப் புகுந்துள்ளது. எண்மதிப்பை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தும் தரவுத்தளம் அன்பு, அப்பம், அறம், அலை என்றே அடுக்கும். அகரமுதலிக்கு இதனினும் பெருங்கேடு வேறில்லை. எசுகியூலைட்டு இயல்பாகச் செய்வது இதுவே. போசுட்டுகிரசிலோ 2017இல் வந்த பத்தாம் பதிப்பு முதல், ஐ.சி.யூ. என்னும் நூலகத்தின் வழியாகத் தமிழுக்குரிய வரிசைநெறியை ஒரு நெடுவரிசைக்கே வகுத்துக் கொடுக்க இயலும். பின்சாய்கோடு 'டி' காட்டும் பட்டியலில் மூன்றாம் நெடுவரிசையாக நிற்பது அவ்வரிசைநெறியே. அவ்விடம் வெறுமையாயிருப்பின் முழுத்தளத்துக்குரிய பொது நெறியே அங்கு ஆள்கின்றது என்று பொருள். அப்பொது நெறி யாதென்பதைப் பின்சாய்கோடு 'எல்' கூறும்.

அமைப்புக்கும் தமிழ்ப்பெயர் இடலாம்

அட்டவணைக்கும் நெடுவரிசைக்கும் ஆங்கிலத்திலேதான் பெயரிடவேண்டும் என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியுள்ளது. அதற்கு அடிப்படை இல்லை. எசுகியூலைட்டு, போசுட்டுகிரசு, மை எசு.கியூ.எல். மூன்றுமே தமிழெழுத்தாலான பெயர்களை ஏற்பன. நூல், தலைப்பு, கடன் என்றே பெயரிட்டு, அவற்றையே வினவவும் செய்யலாம். கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாயிருப்பினும் பெயர்ச்சொற்கள் தமிழாகவே இயலும்.

ஆயினும் அளவறிந்து பெயரிடுக. போசுட்டுகிரசில் ஒரு பெயர் 63 பைட்டுகளையே கொள்ளும். தமிழில் அஃது 21 குறியிடங்கள். 'நூலக_உறுப்பினர்_கடன்_பதிவேடு' என்று பெயரிட்டால் அது 78 பைட்டுகளாகும். பொறி ஓர் அறிவிப்பை மட்டும் தந்துவிட்டு, 'நூலக_உறுப்பினர்_கடன்_பத' என்று அதனைக் கத்தரித்துவிடும். பதிவேடு என்னும் சொல் உயிர்க்குறியும் இழந்து 'பத' என நிற்றலைப் பின்சாய்கோடு 'டிடி' காட்டிக்கொடுக்கும். மை எசு.கியூ.எல். 64 குறியிடங்கள் வரை ஏற்கும். சுருங்கச் சொல்லுதல் தமிழுக்குப் புதிதன்று. 'கடனேடு' என்றாலே பொருள் விளங்கும்.

விளக்கங்களையும் தமிழில் எழுதிவைக்கலாம். எசுகியூலைட்டில் அட்டவணையை ஆக்கும் கட்டளையின் உள்ளேயே ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அருகில் குறிப்புரை எழுதினால், அது கட்டளையோடு சேர்த்துச் சேமிக்கப்பெறும். பின்னர் எவர் 'சுகீமா' என்று தட்டினும் அக்குறிப்புரையும் தோன்றும். போசுட்டுகிரசில் 'காமெண்டு ஒன்' என்னும் கட்டளையால் எழுதியது, கூட்டற்குறி சேர்த்த 'டி'யில் வெளிப்படும். எழுதியவர் மறைந்த பின்னும் அவர் கருத்து அத்தளத்தோடு வாழ இஃதே வழி.

அமைப்பு கூறாதவை

அமைப்பை அறிந்தால் அனைத்தும் அறிந்ததாகுமா என்றால், ஆகாது. இரண்டு எச்சரிக்கைகள் இங்கு வேண்டும்.

ஒன்று: எழுதியுள்ள கட்டுப்பாடு எல்லாம் இயங்கும் கட்டுப்பாடன்று. எசுகியூலைட்டில் அயல் திறவு அமைப்பிலே எழுதப்பட்டிருப்பினும், இணைப்புதோறும் 'பிராக்மா பாரின் கீசு' என்பதை இயக்கினாலன்றி அது இயல்பாகக் காவல் செய்யாது. இல்லாத ஆசிரியரைச் சுட்டும் நூலும் உள்ளே புகுந்திருக்கலாம். 'பிராக்மா பாரின் கீ செக்கு' என்று வினவினால் அத்தகைய பிழைகள் வெளிப்படும்.

மற்றொன்று: குறியேற்றப் பெயரும் சிலவிடத்துப் பொய்க்கும். ஒருங்குறி பரவுமுன், தமிழ் பல்வகை எட்டுத்துகட் குறியேற்றங்களில் எழுதப்பெற்றது. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான தாப், தாம் முதலியனவும், அவற்றுக்கு முற்பட்ட தகுதர எழுத்துகளும் அத்தகையன. அக்காலத் தொகுப்புகள் இலத்தீன்-1 என்னும் பெயர்தாங்கிய நெடுவரிசைகளுள் இன்றும் உறங்கக்கூடும். அமைப்பு இலத்தீன் என்று கூறும். உள்ளே இருப்பதோ தமிழ். அறியாதவர் குப்பையென்று அதனை அழித்துவிடுவர். ஆகவே அமைப்பைக் கண்டபின், ஓர் அட்டவணையிலிருந்து ஐந்தாறு கிடைவரிசைகளையேனும் எடுத்துக் கண்ணாற் காண்க. எக்குறியேற்றம் என்று தெளியும்வரை எதனையும் மாற்றற்க. படி எடுத்து வைத்துக்கொண்டே தொடுக.

செய்யத்தக்கன

அன்பர்களே! தமிழ்த்தரவு ஒன்றைப் பொறுப்பேற்போர் முதல்நாளிலேயே செய்யத்தக்கவை இவை. தளத்தைப் படியெடுக்க. படிக்க மட்டும் இயலுமாறு திறக்க. அட்டவணைகளைப் பட்டியலிடுக. ஒவ்வொன்றன் அமைப்பையும் கேட்டுக் கோப்பாக எழுதிவைக்க, போசுட்டுகிரசில் 'பி.சி. டம்பு' என்னும் துணைக்கருவிக்குச் 'சுகீமா ஒன்லி' என்று குறிப்பிட்டால், அமைப்பு முழுவதையும் ஒரே எழுத்துக்கோப்பாகத் தந்துவிடும். குறியேற்றம், நீளம், வரிசை மூன்றையும் சரிபார்க்க. பின்னர் ஒரு தமிழ்ப்பெயரை உள்ளிட்டு, மீண்டும் வெளியே எடுத்து, எழுத்து மாறாமல் வந்ததா என்று நோக்குக. அதன் பின்னரே ஆயிரமாயிரம் சொற்களைக் குடியேற்றுக.

இத்துணையும் செய்வதற்கு ஒரு மாலைப்பொழுதே மிகுதி. அம்மாலைப்பொழுதைச் செலவிடாமையால் வினாக்குறிகளாகிப்போன சொல்லை, அதனை வாய்மொழியாகக் கூறிய முதியவர் மறைந்தபின் எங்கே சென்று மீண்டும் கேட்பது? கேட்டு எழுதியவரும் கூறியவரும் இல்லாத நாளில் அச்சொல்லுக்கு இருக்கும் வீடு அவ்வட்டவணை ஒன்றே. அவ்வீடு எத்தகையது என்பதை அறிந்து காத்தல், சொல்லைத் தொகுத்தலைப் போன்றே தமிழ்ப்பணியாகும்.

வீட்டிற்குச் சென்றதும் கட்டளைவரியைத் திறக்க. கையிலுள்ள தரவுத்தளத்தின் பெயரைத் தட்டுக. அதன் அமைப்பை அதனிடமே கேட்க.